அம்பு காட்டிய ஆள்

லோர்ன் கோவல் கண்ணில் படாமல் எங்கள் மலைக்கு, பனியில் ஓடும் ஸ்னோமொபைல் வண்டி ஒன்றுகூட ஏற முடியாது. பத்தொன்பது குளிர்காலமாக ஸ்னோமொபைல் கிளப்புக்காகப் பனிப்பாதையைச் சமன்செய்யும் எந்திரம் ஓட்டுகிறவர். வேலை முடிந்ததும் அடிவாரத்தில் வந்து நின்றுகொள்வார். ஏறுகிற ஒவ்வொருவர் நெஞ்சிலும் பீக்கன் பெட்டி கட்டியிருக்கிறதா, வேலை செய்கிறதா என்று பார்த்துத்தான் விடுவார். பனிச்சரிவில் புதைந்தவன் இருக்கும் இடத்திலிருந்து சிக்னல் அனுப்புவது அந்தப் பெட்டிதான். ஒருவன் புதைந்ததும் மற்றவர்கள் தங்கள் பெட்டியைத் தேடுவதற்கு மாற்றிவிட வேண்டும்; மாற்றாதவன் இருந்தால், தேடுகிற பெட்டியின் அம்பு அவனையே காட்டும். டிசம்பர் தோறும் இதைப் பாடம் நடத்துவதும் அவரே. தப்புச் செய்கிறவன் மானத்தை வாங்கிவிடுவார்.

போன பிப்ரவரியில் அவர் மனைவியின் தம்பி கார்த்தும், பேக்கரி வைத்திருக்கும் மார்லிஸும் அவரோடு மேலே போனார்கள். பாதை முடிந்து, மரமில்லாத வெட்டவெளி. கார்த் சரிவின் குறுக்கே வண்டியை விட்டான். மேலே பனி விரிசல் விட்டது. கண்மூடித் திறப்பதற்குள் ஆளும் வண்டியும் இல்லை.

லோர்ன் மண்வெட்டியோடு ஓடினார். பனிக்கு மேலே வண்டியின் கைப்பிடி தெரிந்த இடத்தில் வெறிபிடித்தவர் போலத் தோண்டினார். மார்லிஸ் தன் பீக்கன் காட்டிய அம்பின் பின்னாலேயே வந்தாள். வந்து அவர் முன்னால் நின்றாள். அம்பு அவர் நெஞ்சைக் காட்டிக்கொண்டிருந்தது.

"உங்க பீக்கனை மாத்தவே இல்லையே," என்றாள் மெதுவாக.

நாலு நிமிஷம் போயிருந்தது. மாற்றியதும் அம்பு கீழ்ப்பக்கம் திரும்பியது. பதினைந்தடி தள்ளிக் கார்த் கிடைத்தான், முகமெல்லாம் நீலம் பாரித்து.

பிழைத்துவிட்டான். ஆனால் பனிக்குள் மூச்சில்லாமல் கிடந்ததில் வார்த்தைகள் அவனிடம் நொண்டின. சில நாள் மகள் பேரே வாயில் வராது. ஆனாலும் பெட்ரோல் பங்கிலும் சர்ச்சிலும், மாமாதான் என்னைத் தோண்டி எடுத்தார் என்று எல்லாரிடமும் சொன்னான். லோர்ன் அதை மறுக்கவில்லை. மார்லிஸ் முகத்தில் விழிக்க வெட்கப்பட்டுப் பேக்கரிப் பக்கம் போவதையே விட்டார். அடிவாரத்தில் மட்டும் வழக்கம்போல் அடுத்தவன் பீக்கனைச் சோதித்தார். அதுதான் எல்லாவற்றையும்விடக் கேவலமாக இருந்தது அவருக்கு.

ஏப்ரலில் கிளப் கொட்டகையில் விருந்து. கார்த் எழுந்து, வார்த்தை தேடித் தேடி, மறுபடியும் அவருக்கு நன்றி சொன்னான். கொட்டகையே கைதட்டியது. லோர்ன் கரண்டியை வைத்துவிட்டு எழுந்தார். அவனை வெளியே அழைத்துப்போய், வண்டிகளுக்கு நடுவில் நிற்கவைத்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

"நாலு நிமிஷம், மாப்ள. நான் தின்னது."

கார்த் பக்கத்து வண்டியின் இருக்கையில் உட்கார்ந்தான். வார்த்தை சிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தார் லோர்ன்.

"ஆஸ்பத்திரியிலயே மார்லிஸ் சொல்லிட்டா, மாமா," என்றான் கார்த். "நன்றி சொல்றப்பெல்லாம்... இப்பவாவது சொல்லுவீங்கன்னு பாத்தேன்."