மார்ச் கடைசிக்கு ஒரு மூக்குத்தி

எங்கள் வங்கியின் ஆண்டறிக்கை அட்டையில் ஒரு பெண் வயலில் நிற்கிறாள். கையில் நாற்று முடி. கல்யாண வரவேற்பில் பூங்கொத்தைப் பிடிப்பதுபோல் அதை மார்புக்கு நேராகப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். நான் நடவுக்காரியின் மகள். நடவு வயலில் படம் எடுத்தால் முதுகுதான் வரும், முகம் வராது. அட்டையைத் திருப்பினால், வங்கி கிராமங்களில் வேர்விட்டு வளர்ந்துகொண்டிருப்பதாகத் தலைவர் எழுதியிருக்கிறார். அந்த அறிக்கை அச்சாகி வந்த சமயத்தில்தான் எங்கள் ஊர்க் கிளையை மூடினார்கள்.

எங்கள் ஊர் வலங்கைமானுக்குப் பக்கம். அம்மாவும் அத்தையும், அதாவது அப்பாவின் அக்காவும், ஒரே நடவுக் கூட்டத்தில் வேலை பார்த்தவர்கள். கூட்டத்துக்குத் தலைவி அத்தை. எந்த வயலுக்கு எத்தனை ஆள், என்ன கூலி என்று பண்ணைக்காரர்களிடம் பேசி முடிப்பது அவள்தான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்து முடித்த முதல் ஆள் நான். வங்கித் தேர்வு எழுதி, தர்மபுரிப் பக்கம் சில வருஷம் வேலை பார்த்து, கேட்டு வாங்கிக்கொண்டு சொந்த ஊர்க் கிளைக்கே துணை மேலாளராக வந்தேன். முதல் நாள் அத்தை நடவுக் கூட்டத்தையே கூட்டிக்கொண்டு கிளைக்கு வந்துவிட்டாள். யாருக்கும் வங்கியில் வேலை கிடையாது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுப் போக வந்திருந்தார்கள்.

“சும்மா வந்தோம்னு சொன்னா தொரத்திடுவாங்களா?” என்று அத்தை கேட்டாள்.

“ஒக்காருங்க அத்தை, டீ சொல்றேன்.”

“பாத்தீங்களாடி, டீ சொல்றாளாம். இவளுக்கு வெந்நி வைக்கத் தெரியாது.”

கூட்டம் சிரித்த சிரிப்பு மேலாளர் அறை வரை கேட்டது. எனக்குக் கோபம் வரவில்லை. அந்த நாற்காலியில் உட்கார நான் பட்டது எனக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

எங்கள் கிளையின் பிழைப்பு நகைக்கடன்தான். சம்பா நடவுக்குத் தண்ணீர் வரும்போது தோடும் சங்கிலியும் உள்ளே வரும். உழவு, உரம், நடவுக்கூலி எல்லாம் அதிலிருந்து போகும். தையில் அறுப்பு. கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டுப் பணம் கணக்கில் ஏறியதும், மாசிக்குள் எல்லோரும் வந்து மீட்டுக்கொண்டு போய்விடுவார்கள். பங்குனியில் வலங்கைமான் மாரியம்மன் திருவிழா. அதற்கு வெறுங்கழுத்தோடு போவது எங்கள் பெண்களுக்கு அவமானம். அத்தையைப் போலக் குத்தகைக்குக் கொஞ்சம் நிலம் பிடித்துப் பயிர் வைப்பவர்களும் அப்படித்தான். ஒரு நகைகூட ஏலத்துக்குப் போனதில்லை. இதைவிட யோக்கியமான கடன்காரர்களை எந்த வங்கியும் பார்த்திருக்காது.

ஆனால் வங்கி தன் உயரத்தை அளந்து பார்ப்பது மார்ச் முப்பத்தொன்றாம் தேதி. அன்றைக்கு எவ்வளவு கடன் வெளியில் நிற்கிறது என்பதுதான் கணக்கு. எங்கள் ஊர்க்காரர்கள் சரியாக அதற்கு முன்னால் வந்து கட்டித் தொலைத்துவிடுவார்கள். ஆகவே ஒவ்வொரு மார்ச்சிலும் எங்கள் கிளை இளைத்துப்போய்த் தெரியும். ஐப்பசியில் வந்து பார்த்திருந்தால் பெட்டகத்தில் இடம் இருந்திருக்காது. ஐப்பசியில் யாரும் வந்து பார்ப்பதில்லை.

அந்த வருஷம் வங்கிக்குப் புதிய வளர்ச்சித் திட்டம் வந்தது. பக்கத்து மாநிலங்களில் கிளைகள் திறப்பது, வீட்டுக்கடனையும் தொழில் கடனையும் பெருக்குவது, வளராத கிளைகளைப் பக்கத்து நகரக் கிளைகளோடு இணைப்பது. இணைப்பது என்றால் மூடுவது. இணைக்க வாய்ப்புள்ள கிளைகளில் எங்கள் கிளையும் இருப்பதாக மேலாளர் என்னிடம் சொன்னார். அவர் மதுரைக்காரர், நல்ல மனிதர், அடுத்த பதவி உயர்வுக்குக் காத்திருந்தவர்.

“மார்ச்சுல போன வருஷத்தவிடக் கொஞ்சமாவது கூடக் காட்டணும்மா. அப்பதான் நான் வாயத் தொறந்து பேச முடியும்.”

செய்தி எப்படியோ தெருவுக்குப் போய்விட்டது. அத்தை வீட்டுக்கு வந்தாள். அம்மா முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள்.

“என்னாடி, பேங்க்க எடுக்கப் போறாங்களாமே?”

நான் மார்ச் முப்பத்தொன்றைப் பற்றிச் சொன்னேன். அத்தைக்கு அது உடனே புரிந்தது. நான் படித்துப் புரிந்துகொண்டதைவிட வேகமாகப் புரிந்தது. ஏனென்றால் அவளுக்கு நெல் கொள்முதல் நிலையம் தெரியும். சில வருஷங்களுக்கு முன்னால் குறுவையில் எங்கள் ஊர் நிலையத்துக்கு மூட்டை வரத்து குறைந்தது. மூடிவிடுவார்கள் என்று பேச்சு வந்தது. மூடினால் அங்கே பருவத்துக்கு மட்டும் வேலைக்கு வைத்திருக்கிற பட்டியல் எழுத்தரும் எடை போடுகிறவரும் சுமை தூக்குகிறவர்களும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். ஊரார் பக்கத்து ஊர்ச் சொந்தக்காரர்களின் மூட்டைகளையெல்லாம் டாட்டா ஏஸ் வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார்கள். வரத்து காட்டியாயிற்று. நிலையம் மூடாமல் தப்பியது. அதிகாரிகளை மடக்க எங்கள் ஊர் கண்டுபிடித்து வைத்திருந்த வழி அது.

“அவ்வளவுதான? வரத்து காட்டணும். காட்டிட்டாப் போச்சு.”

“அத்தை, இது நெல்லு இல்ல. மறுபடி அடகு வெச்சா வட்டி ஓடும். பணம் தேவையில்லாம எதுக்கு வட்டி கட்டணும்?”

“ஒனக்கு வட்டிக் கணக்கு. எங்களுக்கு வண்டிக் கணக்கு. பேங்க்கு போயிட்டா, ஒவ்வொரு தடவையும் கும்பகோணத்துக்கு பஸ் ஏறணும். ஒரு நாள் கூலி போவும். அத யாரு தருவா, ஒன் தலைவரா?”

அம்மா முறத்தை நிறுத்திவிட்டு, “அவ சொல்றதக் கேளுங்க அண்ணி” என்றாள். அத்தை கேட்கவில்லை.

மார்ச் கடைசி வாரம் அவர்கள் வந்தார்கள். மாசியில் மீட்டுக்கொண்டு போன அதே சங்கிலி, அதே தோடு. மகள் கல்யாணம் வைத்திருந்தவர்களால் பெரிய நகையைத் தர முடியவில்லை. அவர்கள் காதில் கிடந்த சின்னத் தோட்டைக் கழற்றினார்கள், குழந்தையின் மோதிரத்தைக் கொண்டுவந்தார்கள். அத்தையிடம் ஒரே ஒரு மூக்குத்திதான். கல் இல்லாத, கனமான, பழைய காலத்துப் பொன். கவுண்டர் முன்னால் நின்று திருகாணியைக் கழற்றினாள். மூக்கு ஓட்டை தூர்ந்துவிடாமல் இருக்க வேப்பங்குச்சி ஒன்றைக் கிள்ளித் தயாராக முந்தானையில் முடிந்து வந்திருந்தாள். அங்கேயே செருகிக்கொண்டாள்.

நகை மதிப்பிடுகிறவர் மூக்குத்தியைத் தராசில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் மேலாளரைப் பார்த்தேன். மேலாளர், “போடுங்க, போடுங்க, எல்லாம் கணக்குதான்” என்றார்.

“பணத்த எங்க போடட்டும்மா?” என்று காசாளர் அத்தையைக் கேட்டார்.

“உள்ளயே கெடக்கட்டும். எங்களுக்கு எதுக்கு இப்ப?”

அப்படியே எல்லோரும் கடன் பணத்தைத் தங்கள் சேமிப்புக் கணக்கிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். கடனும் கூடியது, வைப்பும் கூடியது. ஒரு ரூபாய்கூட வாசலைத் தாண்டவில்லை. ஆனால் கிளை இரண்டு பக்கமும் வளர்ந்துவிட்டது. முப்பத்தொன்றாம் தேதி மாலை மேலாளர் கணினித் திரையைப் பார்த்து நெடுநேரம் சிரித்துக்கொண்டிருந்தார்.

திருவிழாவுக்கு எங்கள் தெருப் பெண்கள் கழுத்தில் மஞ்சள் கயிற்றோடும் காதில் கவரிங்கோடும் போனார்கள். அத்தை மூக்கில் வேப்பங்குச்சியோடு போனாள். ஏப்ரலில் மீட்க வந்தவர்களிடம், இணைப்புப் பட்டியல் வரும்வரை இருக்கட்டும் என்று மேலாளர் கேட்டுக்கொண்டார். எதிரே நின்று ஒரு அதிகாரி கெஞ்சியதை அவர்கள் அதற்குமுன் பார்த்ததில்லை. சரி என்று போய்விட்டார்கள்.

ஆண்டுக் கணக்கு முடிவுகள் வந்ததும் தஞ்சாவூரில் ஒரு ஓட்டலில் மண்டலக் கூட்டம் நடந்தது. நானும் மேலாளரும் போனோம். லாபம் கூடியிருந்தது, வாராக்கடன் குறைந்திருந்தது, திரையில் வரைபடக் கம்பங்கள் எல்லாம் வலப்பக்கம் உயர்ந்துகொண்டே போயின. எங்கள் கிளையின் பெயருக்குப் பக்கத்தில் பச்சை அம்புக்குறி. மேலாளர் மேசைக்கு அடியில் என் பக்கம் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். கொஞ்ச நேரத்தில் இணைக்கப்படும் கிளைகளின் பட்டியல் திரைக்கு வந்தது. அதிலும் எங்கள் கிளையின் பெயர் இருந்தது.

மேலாளர் எழுந்தார். “சார், நாங்க குரோத் காட்டியிருக்கோம்.”

மண்டல அதிகாரி தன் மடிக்கணினியைப் பார்த்தபடி சொன்னார்: “குரோத் ஓகே. குவாலிட்டியப் பாருங்க. ஒரு லோனோட சராசரித் தொகை பாதியா விழுந்துருக்கு. மூக்குத்திக்கும் லோன், மோதிரத்துக்கும் லோன். அஞ்சு பவுனுக்கும் அதே பேப்பர், அதே பாக்கெட், அதே ஆடிட். மூக்குத்திக்கும் அதே செலவு. இனிமே பேங்க் போற வழி அது இல்ல.”

வரத்து காட்டக் கொண்டுவந்த மூட்டைகளே நிலையத்தை மூடிவிட்ட மாதிரி ஆயிற்று. அந்தச் சின்ன நகைகள் வராமல் இருந்திருந்தால் சராசரி விழுந்திருக்காது. வளர்ச்சியும் இருந்திருக்காது. எப்படியும் மூடத்தான் போகிறார்கள், காரணம் மட்டும் மாறியிருக்கும் என்பது எனக்கு அந்த நிமிஷத்தில் புரிந்தது.

நான் எழுந்தேன். அந்தக் கூட்டத்தில் என் பதவியில் இருப்பவர்கள் எழுந்து பேசுவது வழக்கமில்லை.

“சார், எங்க கிளையில ஒரு நகை ஏலம் போனதில்ல. ஒரு கடன் தவணை தப்பினதில்ல.”

அவர் முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார். சிரித்தார். கேலிச் சிரிப்பில்லை, பாராட்டுச் சிரிப்பு. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

“அதனாலதாம்மா மூடறது ஈசியா இருக்கு. நல்ல கஸ்டமர்ஸ். எங்க மாத்தினாலும் வந்து கட்டிடுவாங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு சாப்பாடு. மூன்று வகை இனிப்பு போட்டிருந்தார்கள். மேலாளர் சாப்பிட்டார். நான் கைகழுவும் இடத்தில் நின்றுவிட்டு வந்தேன்.

கிளையின் கதவில் அறிவிப்பு ஒட்டினார்கள். நகைப் பொட்டலங்களைக் காவலோடு கும்பகோணத்துக்குக் கொண்டுபோனார்கள். மேலாளருக்குக் கோயம்புத்தூரில் பெரிய கிளை கிடைத்தது. என்னைக் கும்பகோணத்துக்கே மாற்றினார்கள். வாடிக்கையாளர் உறவு என்று பலகை வைத்த தனி அறை. அரிசி ஆலைக்காரர்களையும் நகைக்கடைக்காரர்களையும் வீடு தேடிப் போய்ப் பார்ப்பது என் வேலை. வெள்ளித் தட்டில் முந்திரி வைக்கும் வீடுகளில், எங்கள் தெருவின் பெயரைச் சொன்னதும் சிலர் கொஞ்சம் தாமதித்துத்தான் காபி சொல்வார்கள். நான் குடித்துவிட்டு, கையெழுத்தும் வாங்கிக்கொண்டுதான் எழுந்திருப்பேன்.

எங்கள் தெருப் பெண்கள் ஒவ்வொருவராக பஸ் ஏறி வந்து நகையை மீட்டார்கள். மண்டல அதிகாரி சொன்னது சரி, எல்லோரும் வந்து கட்டினார்கள். தேவையில்லாத கடனுக்கு வட்டியோடு கட்டினார்கள். அந்த வட்டியும் லாபக் கணக்கில் சேர்ந்திருக்கும்.

அத்தை கடைசியில் வந்தாள். வாசல் காவலாளி டோக்கன் எடுக்கச் சொன்னதில் குழம்பி நின்றவளை நான் போய் அழைத்துவந்தேன். என் அறையில் உட்காரச் சொன்னேன். நாற்காலியைத் தொட்டுப் பார்த்தாளே தவிர உட்காரவில்லை.

“இங்க ஒக்காந்தா அதுக்கும் ஒரு வட்டி போடுவீங்க.”

மூக்குத்திப் பொட்டலத்தை நானே வாங்கிவந்து பிரித்துக் கொடுத்தேன். அணைந்திருந்த என் கணினித் திரையில் முகத்தைப் பார்த்து, வேப்பங்குச்சியை உருவி என் மேசைமேல் வைத்துவிட்டு, மூக்குத்தியைப் போட்டுத் திருகினாள். ஓட்டை கொஞ்சம் சுருங்கியிருந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. துடைத்துக்கொண்டாள்.

“இந்த சம்பாவுக்கு என்ன பண்ணுவீங்க அத்தை?”

“கடத்தெருவுல சேட்டுக் கட இருக்கு. வட்டி ஜாஸ்திதான். ஆனா அவன் மூக்குத்தின்னு மூஞ்சியச் சுளிக்க மாட்டான்.”

பிறகு அறையைச் சுற்றிப் பார்த்தாள். கண்ணாடிக் கதவு, ஏசி, பெயர்ப் பலகை. பலகையை அவளால் படிக்க முடியாது. ஆனால் அது என் பெயர் என்று தெரிந்தது.

“சம்பளம் கொறச்சிட்டாங்களா?”

“இல்ல அத்தை. கூட்டியிருக்காங்க.”

“அப்ப பேங்க்க எடுத்தாலும் ஒன் வேல போவாதா?”

“போவாது அத்தை. வேற ஊருக்கு மாத்துவாங்க, அவ்வளவுதான்.”

அத்தை மூக்குத்தியை ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். கொள்முதல் நிலையத்துப் பட்டியல் எழுத்தர் பருவம் முடிந்து வேலை போனதும் எங்கள் தெரு வழியாக டிபன் பெட்டியை ஆட்டிக்கொண்டு போனது அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது. பஸ்ஸுக்கும் கூலிக்கும் பயந்து மட்டும் அந்தப் பெண்கள் தோட்டைக் கழற்றவில்லை; கிளையோடு என் வேலையும் போய்விடும் என்று நினைத்திருக்கிறார்கள்.

“இத நீ மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல” என்றாள். “நான் மூக்குத்தியோட திருவிழாவுக்குப் போயிருப்பேன்.”

நாலரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று கிளம்பிவிட்டாள். கண்ணாடிக் கதவைத் தள்ளுவதா இழுப்பதா என்று தெரியாமல் நின்றாள். நான் எழுந்து போய்த் திறந்துவிட்டேன்.