தனி அடுப்பு

எங்கள் வீடு வசதியான வீடு என்று எனக்குத் தெரியவந்தபோது எனக்கு வயது எழுபத்திரண்டு. அதற்கு முன்னால் யாரும் அப்படிச் சொன்னதில்லை, மழைக்காலத்தில் கூடத்துச் சுவரைப் பார்த்தவர்கள் நிச்சயமாகச் சொன்னதில்லை. பேத்திக்கு வருமானச் சான்றிதழ் வாங்க மனுவை நானே நிரப்பி, கூட்டலை இரண்டு முறை சரிபார்த்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

பேத்திக்கு ஒரு தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டில் நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. கட்டணத்தில் பெரும்பகுதியை அரசின் கட்டண உதவி ஏற்றுக்கொள்ளும். மீதிக்கும் விடுதிக்கும் வங்கியில் கல்விக் கடன், படிக்கும் வருடங்களுக்கு வட்டிச் சலுகையோடு. இரண்டு கதவுக்கும் ஒரே சாவி: குடும்ப வருமானம் வரம்புக்குள் இருக்கிறது என்று சொல்லும் ஒரு தாள். அதைக் கொடுக்க இருபத்தெட்டு நாள் அவகாசம். கொடுக்காவிட்டால் காத்திருப்போர் பட்டியலில் அடுத்து நிற்கும் பிள்ளைக்கு அந்த இடம் போய்விடும்.

மகன் தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறான். மருமகள் துணிக்கடையில் பில் போடுகிறாள். இருவர் சம்பளத்தையும் கூட்டினால் வரம்புக்குள் அடக்கமாக உட்கார்ந்துகொள்கிறது. அதன் தலையில் என் ஓய்வூதியத்தை வைத்தால், வரம்பு உடைந்து நாங்கள் வசதியானவர்கள் ஆகிவிடுகிறோம். வசதி என்றாலும் ஒரு வருடக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டும் வசதி இல்லை. பணி முடிந்தபோது வந்த தொகையில் பாதி மாடி அறையாகவும் மீதி என் மனைவியின் கடைசி வருட மருத்துவமாகவும் மாறிவிட்டது.

"ஒங்க பென்ஷன எழுதாம விட்டா என்னா ஆவும்பா?" என்றான் மகன்.

"ஒன்னும் ஆவாது. ரேஷன் கார்டுல பென்ஷன்காரர் இருக்காரான்னு பாப்பாங்க. பாத்துட்டு மனுவத் தள்ளுபடி பண்ணுவாங்க."

"அத யாரு பாக்கப் போறா?"

"கண்டிப்பா பாப்பாங்க. பாக்கச் சொல்லி எழுதுனவனே நான்தான்."

இதைச் சொல்லும்போது என் குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்திருக்க வேண்டும். மருமகள் கையிலிருந்த பூண்டைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

நான் சான்றிதழ்கள் கொடுக்கும் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். பல வருடங்களுக்கு முன்னால் ஒரு சொல்தா என் மேசைக்கு வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை இந்த ஊரில் அப்படித்தான் சொல்வோம். மாதாமாதம் யூரோவில் ஓய்வூதியம் வாங்குகிறவர், கூடவே நின்ற மகன் பரம ஏழை என்று சான்று கேட்டார். அந்தப் பரம ஏழை கட்டியிருந்த கைக்கடிகாரத்தின் விலை என் இரண்டு மாதச் சம்பளம். அன்று மாலையே உட்கார்ந்து ஒரு குறிப்பு எழுதினேன்: ஒரே குடும்ப அட்டையில் ஓய்வூதியதாரர் இருந்தால் அவருடைய ஓய்வூதியமும் குடும்ப வருமானமே. மேலதிகாரி ஒரு சொல்லைக்கூட மாற்றாமல் கையெழுத்துப் போட்டார். சொல்தாவின் மகன் அடுத்த வருடமே பிரான்சுக்குப் போய்விட்டான். குறிப்பு போகவில்லை. அது என்னைவிட நல்ல ஆரோக்கியத்தோடு இன்றும் பணியில் இருக்கிறது.

சரி, உதவி வேண்டாம், முழுக் கட்டணத்துக்கும் கடனே வாங்குவோம் என்று மகனோடு வங்கிக்குப் போனேன். அதிகாரி நல்ல பையன். தண்ணீர் கொடுத்தான். மகனுடைய பட்டறையில் சம்பளச் சீட்டு தருவதில்லை என்பதைக் கேட்டு வருத்தப்பட்டான். "என் ஓய்வூதியத்தைக் கணக்கில எடுத்துக்கங்க, நான் கூட்டு விண்ணப்பதாரரா கையெழுத்துப் போடறேன்" என்றேன்.

"ஒங்க வயசுக்கு எடுக்க முடியாதுங்க சார். கடன் முடியற வரைக்கும்..." என்று சொல்லி, மரியாதைக்காக வாக்கியத்தை முடிக்காமல் விட்டுவிட்டான்.

ஆக, உதவி கேட்டால் என் ஓய்வூதியம் குடும்ப வருமானம். கடன் கேட்டால் அது வருமானமே இல்லை. ஒரே பணம், வீதியின் ஒரு பக்கத்தில் இருக்கிறது, எதிர்ப்பக்கத்தில் மறைந்துவிடுகிறது. முப்பத்தாறு வருடம் அரசாங்கத்தில் இருந்த எனக்கு இதில் ஓர் அழகு தெரிந்தது. மகனுக்குத் தெரியவில்லை.

அன்றைக்கு இருபத்திரண்டு நாள் பாக்கி இருந்தது. பேத்தி, "என்னா ஆச்சு தாத்தா?" என்று கேட்பதை நிறுத்தியிருந்தாள். கல்லூரி அனுப்பிய சீருடை அளவுப் படிவத்தை நிரப்பாமல் அலமாரிக்கு மேலே வைத்துவிட்டாள். அவள் தினமும் கேட்டுக்கொண்டிருந்தபோதே எனக்கு வசதியாக இருந்தது.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மருமகள்தான் ஆரம்பித்தாள்.

"மாமா, கார்டுல ஒங்க பேர் இருக்கிறதாலதான இவ்ளோ பிரச்சினை?"

"ஆமா."

"அப்ப ஒங்கள எடுத்துட்டா சரியாப் பூடுமா?"

மகன் சோற்றில் கையை வைத்தபடியே நிமிர்ந்தான். "என்னா பேச்சு பேசற நீ?"

"கார்டுலேர்ந்துதாங்க எடுக்கச் சொன்னேன். வீட்லேர்ந்தா எடுக்கச் சொன்னேன்?"

"வீட்லேர்ந்தும் எடுக்கணும்" என்றேன் நான். "வெறும் கார்டுல எடுத்தா அது மோசடி."

குறிப்பின் இரண்டாம் பத்தி எனக்கு மனப்பாடம். அதையும் நான்தானே எழுதினேன். அட்டையைப் பிரிக்க மனு போட்டிருந்தால், நேரில் போய்ப் பார்த்து, உண்மையிலேயே தனிக் குடித்தனம்தான் என்றால் தனிக் குடும்பமாகக் கொள்ளலாம். தனிக் குடித்தனம் என்பதற்கு அடையாளம், தனி அடுப்பு. மோசடிக்கும் நடைமுறைக்கும் நடுவில் இருப்பது ஓர் அடுப்பு மட்டும்தான் என்று நான் ஊழியர்களுக்குச் சொல்வதுண்டு. அந்த ஒற்றை அடுப்பை என் வயிற்றுக்குப் பக்கத்தில் வைப்பார்கள் என்று அப்போது தெரியாது.

மறுநாளே முத்திரைத்தாளில் உறுதிமொழி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மனுவைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மாடி அறைக்குக் குடிபோனேன். பதினேழு படி. ஒற்றை பர்னர் அடுப்பு, சின்ன சிலிண்டர், இரண்டு பாத்திரம், ஒரு பழைய கட்டில். சும்மா படுத்துக்கொண்டு கீழே போய்ச் சாப்பிடலாம், யாருக்குத் தெரியும் என்றான் மகன். எனக்குத் தெரியும் என்றேன். இப்படிப்பட்ட பதிலால்தான் என் மனைவி நாற்பது வருடம் என்னோடு அளவாகப் பேசினாள்.

போலித் தனிக் குடித்தனத்தைக் கண்டுபிடிக்க நான் ஒரு வழி வைத்திருந்தேன். ஆய்வுக்கு வருகிறார்கள் என்றதும் ஆட்கள் பக்கத்து வீட்டு அடுப்பைக் கடன் வாங்கி வைப்பார்கள், பாத்திரம் அடுக்குவார்கள், ஒரு கொத்துக் கறிவேப்பிலைகூடத் தொங்கவிடுவார்கள். புளியை மறந்துவிடுவார்கள். புளி இல்லாத சமையலறை நாடகம் என்று என் ஆய்வுப் பட்டியலில் எழுதி வைத்திருக்கிறேன். ஆகவே பெரிய மார்க்கெட்டுக்குப் போனேன்.

"நூறு கிராம் புளி."

கடைக்காரம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நூறா? வீட்ல எத்தினி பேரு?"

"ஒருத்தன்."

"ஐயோ பாவம். புள்ளைங்க தொரத்திடுச்சிங்களா பெரியவரே?"

"இல்லம்மா. நானே மனு போட்டு வெளிய வந்துட்டேன்."

அவள் ஒரு கைப்பிடி கூடப் போட்டுக் கட்டினாள். என் வாழ்க்கையில் வருமானச் சான்று இல்லாமல் கிடைத்த ஒரே உதவித்தொகை அதுதான்.

புளி வாங்குவதற்கு முன்பே, குடிபோன முதல் நாள் மாலை ரசம் வைத்திருந்தேன். கீழ் வீட்டிலிருந்து எடுத்து வந்த புளியைக் கரைத்து, தக்காளி போட்டு, கொதிக்கட்டும் என்று விட்டு, பத்திரிகையில் ஒரு கட்டுரையைப் படித்தேன். கட்டுரை நீளம். எழுதியவர் விஷயத்துக்கு வந்து சேர்வதற்குள் ரசம் குழம்பாகி, குழம்பு தார் ஆகிவிட்டது. எந்தக் கம்பியாலும் சுரண்ட முடியவில்லை. பெரிய சிக்கல் வேறொன்று. ரசம் வைத்த வாணலி என்னுடையது அல்ல. மருமகளின் கனமான அலுமினிய வாணலி. என் இரண்டு பாத்திரத்தில் எதிலும் ரசம் வைக்கத் தோன்றாமல், அவள் கடையில் இருந்தபோது கீழே இறங்கி எடுத்து வந்திருந்தேன். அதைச் செய்தித்தாளில் சுற்றி, கட்டிலுக்கு அடியில் பழைய கோப்புகளுக்குப் பின்னால் வைத்தேன்.

அதற்குப் பிறகு நான் சமைக்கவில்லை. காலையில் பேக்கரியில் நீள ரொட்டி, மதியம் அதன் மீதி, இடையில் வாழைப்பழம், மூன்று வேளை காபி. இந்த ஊரில் பிறந்தவன் ரொட்டியில் உயிர் வாழலாம். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன நிர்வாகத்தைப் பற்றி எனக்குப் பல கருத்துகள் உண்டு, ரொட்டியைப் பற்றிக் குறை இல்லை. கீழே மருமகள் மகனிடம், "என் வாணலியப் பாத்தீங்களா, ஒரு வாரமாத் தேடறேன்" என்று கேட்பது மாடிப்படி வழியாக எனக்குக் கேட்டது. நான் காபி குடித்துக்கொண்டிருந்தேன்.

ஆறு நாள் பாக்கி இருந்தபோது ஆய்வுக்கு வந்தாள் ஓர் இளம்பெண். கையில் போன், தோளில் பை. நான் இருந்த அலுவலகம்தான், ஆனால் அவள் பிறப்பதற்கு முன்பே நான் கண்காணிப்பாளர் ஆகிவிட்டேன். அவள் பையிலிருந்து எடுத்த தாளில் என் பட்டியல், அதே வரிசை. மகளைப் பல வருடம் கழித்துப் பார்க்கும் தகப்பனைப் போல அந்தத் தாளைப் பார்த்தேன். அது என்னைக் கண்டுகொள்ளவில்லை. மருமகளும் பேத்தியும் வாசற்படிக்கு வெளியே நின்றார்கள்.

அடுப்பைப் படம் எடுத்தாள். சிலிண்டர் ரசீதைப் பார்த்தாள். புளிப் பொட்டலத்தைக் கையில் எடுத்துத் திருப்பினாள்.

"இது பிரிக்கவே இல்லையே சார்."

அவள் அடுத்த பொட்டலத்தை எடுத்தாள்.

"மொளகாத்தூளும் பிரிக்கல. பருப்பும் அப்டியே இருக்கு. ரெண்டு பாத்திரமும் புதுசா பளபளன்னு இருக்கு. இங்க யாரும் சமைக்கல சார்."

"நான் ரொட்டி சாப்புடறேம்மா."

"எல்லாரும் ஏதோ ஒன்னு சொல்றாங்க சார்" என்றாள். அவள் குரலில் சலிப்புத்தான் இருந்தது, கெடுதல் இல்லை. இந்த வாக்கியத்தை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். அவள் பேனாவைத் திறந்தாள். படிக்கட்டில் பேத்தி சுவரில் நகத்தால் கோடு கிழித்துக்கொண்டிருந்தாள், நிறுத்திவிட்டாள்.

உண்மையாக நடந்த ஒரு தனிக் குடித்தனம், நான் எழுதிய பட்டியலால் போலி என்று முடிவாகப் போகிறது. மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் அவகாசம் உண்டு என்பது எனக்குத் தெரியும். எங்களிடம் இருந்தது ஆறு நாள்.

"ஒரு நிமிஷம்மா" என்றேன்.

மண்டியிட்டு, கட்டிலுக்கு அடியில் கைவிட்டு, கோப்புகளை நகர்த்தி, செய்தித்தாள் மூட்டையை இழுத்து எடுத்தேன். எழுபத்திரண்டு வயதில் இது சீக்கிரம் முடிகிற காரியம் அல்ல. மூன்று பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க, தாளைப் பிரித்தேன்.

ஆய்வாளர் வாணலிக்குள் எட்டிப் பார்த்தாள். "என்னா சார் இது?"

"ரசம்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு குனிந்து, விரலால் தட்டிப் பார்த்தாள். கல் சத்தம் கேட்டது. பிறகு வாணலியைத் தூக்கி அடிப்பக்கம் திருப்பினாள். கைப்பிடிக்குக் கீழே மருமகளின் பெயர் கொத்தியிருந்தது, கல்யாணச் சீர்ப் பாத்திரங்களில் கொத்துவது போல.

"இது கீழ் வீட்டுப் பாத்திரமா?"

இந்தக் கேள்வியும் பட்டியலில் இருக்கிறது. பாத்திரம் பொதுவானால் சமையல் பொது.

நான் வாயைத் திறப்பதற்குள் மருமகள் உள்ளே வந்தாள். அவள் பார்வை வாணலியில் இருந்தது. சீராக வந்தது, பதினெட்டு வருடம் மீன் வறுத்தது, ஒரு வாரம் தேடியது.

"எங்கம்மா வாங்கிக் குடுத்ததுதான். ஆனா இப்ப அவரோடது" என்றாள். "குடுத்துட்டேன். இனிமே எனக்கு வேணாம்."

கடைசி மூன்று வார்த்தைகள் என்னைப் பார்த்துச் சொல்லப்பட்டவை.

ஆய்வாளர் வாணலியை மூன்று கோணத்தில் படம் எடுத்தாள். "இத யாரும் வேணும்னு செய்ய முடியாது" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, தாளில் எழுதினாள். தனிச் சமையல் உறுதி. என் பணிக்காலத்தில் நான் சமர்ப்பித்த எந்த ஆவணமும் இவ்வளவு மறுக்க முடியாததாக இருந்ததில்லை.

நான்காம் நாள் சான்றிதழ் வந்தது. இரண்டு நாள் மீதம் வைத்துக் கட்டண உதவி மனு போனது, அதே தாளைக் காட்டி விடுதிக்கும் மீதிக்கும் கடன் கிடைத்தது. தொகை சிறியது என்பதால் மகனுடைய கையெழுத்தே போதும் என்றான் அந்த நல்ல பையன். பேத்தி அலமாரிக்கு மேலிருந்து படிவத்தை எடுத்து, சீருடை அளவு எழுதினாள்.

சான்றிதழின் ஆயுள் ஒரு வருடம். படிப்பு நான்கு வருடம். அதாவது பேத்தி நர்ஸ் ஆகும் வரை நான் தனிக் குடும்பம், குடும்பத் தலைவன், குடும்பத்தின் ஒரே உறுப்பினன். வீட்டில் எனக்கு இப்போதுதான் முழு அதிகாரம் கிடைத்திருக்கிறது.

சான்றிதழ் வந்த அன்று மாலை மருமகள் பதினேழு படி ஏறி வந்தாள். கையில் மூடி போட்ட கிண்ணம். வறுத்து அரைத்த மீன் குழம்பின் வாசனை அவளுக்கு முன்னால் உள்ளே வந்துவிட்டது.

"இது சரிப்படாதும்மா" என்றேன். "தனிக் குடித்தனம்னா தனிக் குடித்தனம்தான்."

"பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொழம்பு குடுக்கக் கூடாதுன்னு ஏதாவது சர்க்குலர் போட்டுருக்கீங்களா மாமா?"

முதல் பத்தி, இரண்டாம் பத்தி, ஆய்வுப் பட்டியல், பின்னிணைப்பு எல்லாவற்றையும் மனதுக்குள் ஒருமுறை புரட்டினேன். இல்லை. நல்ல வேளையாக அதற்குள் எனக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள்.

"கிண்ணத்தக் கழுவிக் குடுங்க" என்று சொல்லிவிட்டு அவள் இறங்கினாள். "சுரண்ட வேணாம்."