ஸ்மார்ட் என்ற சொல்லும் அன்னலட்சுமியின் கையும்

கண்டி நகரத்து மருந்துச்சாலை ஒன்றில் அழகமுத்து மொழிபெயர்ப்பாளர். வெள்ளைக்கார டொக்டருக்குத் தமிழ் தெரியாது. மடுல்கெல்லவிலிருந்தும் கம்பளையிலிருந்தும் வருகிற தோட்டத்து ஆட்களுக்கு இங்கிலீஷ் தெரியாது. நடுவில் நிற்பவர் இவர். நிற்பது என்று பேருக்குத்தான் சொல்வது. கால் மாற்றிக் கால் மாற்றி, கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருப்பார்.

நோயாளிகள் சுருக்கென்கிறது என்பார்கள், காந்துகிறது என்பார்கள், கடுக்கிறது, சுள்ளென்று இழுக்கிறது என்பார்கள். எல்லாவற்றுக்கும் இவரிடம் ஒரே சொல்தான்: ஸ்மார்ட். டொக்டர் வாயிலிருந்து பொறுக்கியது. ஒருநாள் டொக்டருடைய தடித்த அகராதியைப் புரட்டிப் பார்த்தார். ஆதியில் அதற்கு வலி என்றுதான் பொருளாம். லத்தீனில் கடிப்பதைக் குறிக்கும் சொல்லுக்குத் தூரத்து உறவாக இருக்கலாமாம். பிறகு வெடுக்கென்ற பேச்சு, சுறுசுறுப்பு, புத்திக்கூர்மை என்று வளர்ந்து, கடைசியில் நேர்த்தியாக உடுத்தியவனுக்கும் அதே சொல்லாகிவிட்டது. கோட்டுப் போட்ட மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டிலும் அதே பேச்சு. மனைவி அன்னலட்சுமி, சோறு ஆறுகிறது என்று மட்டும் சொன்னாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றாம் வருஷம் ஒரு காலையில் அவள் அடுப்பிலிருந்து கொதிக்கும் கேத்தலை வெறும் கையால் இறக்கி வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோலப் பாண் ரொட்டி வெட்டப் போனாள். உள்ளங்கைத் தோல் வெந்து உரிந்திருந்தது. அதைப் பார்த்து அலறியவர் அழகமுத்துதான்.

"எரியலியா?"

"இல்லங்க. கொஞ்ச நாளாவே இந்தக் கையில ஒண்ணும் தெரியல."

 இப்படி மரத்த கைகளை அவர் மருந்துச்சாலையில் பார்த்திருக்கிறார். குஷ்டம் என்று டொக்டர் சொல்லிவிட்டால் சட்டம் விடாது. கொழும்புக்குப் பக்கத்திலுள்ள ஹெந்தளை குஷ்டரோக ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே போய்த் திரும்பிய ஒருவரையும் அவர் கண்டதில்லை. இரண்டு பிள்ளைகளும் இடுப்புயரம்கூட வளரவில்லை. இருந்தாலும் புண் பழுத்துவிட்டதால் அழைத்துப் போகாமல் இருக்க முடியவில்லை.

டொக்டர் அவளைக் கண்ணை மூடச் சொல்லி, கையில் ஊசியால் குத்திவிட்டுக் கேட்டார். ஒன்றும் தெரியவில்லை என்றாள் அவள். அழகமுத்து சுவரைப் பார்த்துக்கொண்டு, "ஸ்மார்ட்ஸ் வெரி மச், சார்" என்றார். வெளியே கூட்டம் நெரிந்தது. இத்தனை வருஷம் கூடவே நின்ற ஆளை டொக்டர் நம்பினார். களிம்பு கொடுத்து அனுப்பினார்.

வாவிக்கரையில் அழகமுத்து ஓடாத குறையாக நடந்தார். அன்னலட்சுமி நின்றுவிட்டாள். டொக்டரிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டாள்.

"எரியுதுன்னு சொன்னேன். வேற என்னத்தச் சொல்ல? ஹெந்தளைக்கு அனுப்பிப்புடுவாங்க."

அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தக் கையாலதாங்க புள்ளைகளுக்குச் சோறு ஊட்டுறேன்."

சொல்லிவிட்டு மருந்துச்சாலைக்கே திரும்பி நடந்தாள். அவர் பின்னாலேயே கெஞ்சிக்கொண்டு ஓடினார், முந்தானையைப் பிடித்து இழுத்தார். அவள் வரிசையைத் தாண்டி உள்ளே போய், வலது கையை மேசைமேல் விரித்தாள். இடது கையால் ஊசியை எடுத்து அதில் அழுத்தினாள். இரத்தம் வந்தது. முகம் மாறவில்லை.

டொக்டர் நிமிர்ந்து அழகமுத்துவைப் பார்த்தார்.

"அவளுக்குத் தெரியலைங்க சார்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு அவர் அழுதார்.