இருபத்தெட்டு அடி வண்டி, ரிவர்ஸில்

நான் கார் ஓட்டும்போது என் கணவர் தூங்கியதே கிடையாது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை வலது காலால் மிதித்துக்கொண்டே வருவார். பதினான்கு வருஷமாக மிதிக்கிறார். லைசென்ஸ் டெஸ்டில் நான் இரண்டு முறை ஃபெயிலானதை அவர் மறக்கவில்லை. எனக்கும் அந்தக் காலைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

அதனால்தான், ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட்டில் கேட்ச் பிடிக்கிறேன் என்று பாய்ந்து, மணிக்கட்டை முறித்துக்கொண்டு அவர் வந்து நின்றபோது, எனக்குப் பரிதாபத்துக்கு முன்னால் பிடிவாதம் வந்தது. அந்த வாரக் கடைசியில் ஏரிக்கரைக்குப் போவதாக இருந்தோம். ஆர்.வி. புக் பண்ணியாகிவிட்டது. கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கிற இருபத்தெட்டு அடி வண்டி. பத்து வயது மகள், மீன் பிடிக்கப் போகிறேன் என்று வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

"கேன்சல் பண்ணிடலாம்," என்றார்.

"எதுக்குங்க? நான் ஓட்டறேன்."

"நீயா? அது பஸ்ஸாட்ட இருக்கும் புள்ள."

"இருக்கட்டுமே. பஸ் ஓட்டறவனுக்கு என்ன தலையில கொம்பா மொளச்சிருக்கு?"

எங்கள் ஊர் ரிச்சர்ட்சனிலிருந்து ஏரிக்கு இரண்டு மணி நேரம். பெரிய ட்ரக் ஒவ்வொன்று தாண்டும்போதும் வண்டி ஆடியது. பின்னால் அலமாரிக்குள் குக்கர் கடகடவென்று உருண்டது. பக்கத்தில் கால் மிதித்துக்கொண்டே வந்தது. நான் வாயைத் திறந்திருந்தால் அன்றைக்கு விவாகரத்துதான்.

எங்களுக்குக் கொடுத்த இடம் ஏரியை ஒட்டியே இருந்தது. அழகான இடம். ஆனால் வண்டியைப் பின்பக்கமாக உள்ளே விட வேண்டும். இந்தப் பக்கம் ஓக் மரம், அந்தப் பக்கம் கரண்டு கம்பம், பின்னால் தண்ணீர். அக்கம்பக்கத்து வண்டிக்காரர்கள் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, சினிமா பார்க்க வந்தவர்கள் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதல் தடவை வண்டி கோணலாகப் போனது. இரண்டாம் தடவை, "லெஃப்ட்டு, லெஃப்ட்டு... அய்யோ, என்னோட லெஃப்ட்டு!" என்று பின்னால் நின்று கத்தினார். மூன்றாம் தடவை டயர் போய் மர பெஞ்சில் இடித்தது.

"அம்மா, எவ்ரிபடி இஸ் வாட்சிங்," என்றாள் மகள், முகத்தை மூடிக்கொண்டு.

தொப்பி போட்ட பக்கத்து இடத்துக்காரர் எழுந்து வந்தார். நல்ல மனிதர். தானே நிறுத்தித் தரட்டுமா என்று கேட்டார்.

"குடுத்துடு புள்ள. அவரு ரெண்டு நிமிசத்துல போட்டுடுவாரு."

இன்றைக்குச் சாவியைக் கொடுத்தால், நான் சாகிற வரைக்கும் இவர் அந்தக் காலை எடுக்க மாட்டார். அந்த மனிதரிடம் நன்றி சொல்லி, வேண்டாம் என்றேன். இறங்கி நேராக இவரிடம் போனேன்.

"ஏங்க, நீங்க நாமக்கல்லுதானே? லாரிக்கு நடுவுல வளந்தவரு. அங்க கிளீனரு லெஃப்ட்டு ரைட்டுன்னா கத்துவாரு?"

"இல்ல. தட்டுவாரு."

"அப்பத் தட்டுங்க."

ஏறி உட்கார்ந்து ரிவர்ஸ் போட்டேன். மாவுக்கட்டுக் கையை மார்போடு அணைத்துக்கொண்டு, இடது உள்ளங்கையால் வண்டியின் விலாவில் இரண்டு தட்டுத் தட்டினார். டப், டப்.

"வரட்டும்... வரட்டும்... அப்படியே ஒடி... ஒடி... போதும், நேராக்கு... வரட்டும்ம்ம்..."

இந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. ஆபீஸ் மீட்டிங்கில் பேசுகிற மனிதரா இது! பின்பக்கத்தைக் காட்டுகிற கேமராவைப் பார்ப்பதை விட்டுவிட்டு அந்தத் தட்டலை மட்டும் கேட்டேன். மரம் கண்ணாடியில் ஒதுங்கிப் போனது. கம்பம் ஒதுங்கியது. ஏரி கிட்டே வந்துகொண்டே இருந்தது.

டப். ஒரே தட்டு.

"ஹோல்டான்!"

நிறுத்தினேன். நூல் பிடித்த மாதிரி நின்றது வண்டி. தொப்பிக்காரர் எழுந்து நின்று கை தட்டினார். மகள் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடியே போய்விட்டாள்.

மறுநாள் அவள் உள்ளங்கை அகலத்தில் ஒரு மீன் பிடித்தாள். தொட்டுப் பார்த்து, வீறிட்டு, மறுபடி தண்ணீரிலேயே விட்டாள். மத்தியானம் மோட்டார் படகு எடுத்தோம். கைக்கட்டோடு இவரால் முடியாது என்பதால் அதையும் நான்தான் ஓட்டினேன். நடு ஏரியில் திரும்பிப் பார்த்தால், கால் மிதித்துக்கொண்டிருக்கிறது.

"படகுக்கு ஏதுங்க பிரேக்கு?" என்று கத்தியே விட்டேன். அசடு வழிந்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி மிதித்தார். எனக்கு வெறுத்துப் போய்விட்டது.

ஞாயிறு மதியம் கிளம்பினோம். ஃப்ரீவேயில் ஏறி அரை மணி நேரம் இருக்கும், ஒரு பெரிய ட்ரக் உரசுவது போலத் தாண்டிப் போனது. வண்டி ஒரு ஆட்டம் ஆடியது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு அந்தக் காலுக்காகக் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். தலை ஜன்னலில் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, கால் அதன் பாட்டுக்குக் கிடந்தது.

"இஸ் அப்பா ஸ்லீப்பிங்?" என்றாள் மகள் பின்னாலிருந்து.

"ஷ்ஷ். எழுப்பாத."

கண் கலங்கியது. ஓட்டும்போது அழக்கூடாது என்று அடக்கிக்கொண்டேன். எங்கள் எக்ஸிட் வந்ததும் இண்டிகேட்டரைப் போட்டு, அவர் எழுந்துவிடாதபடி மெதுவாகப் பிரேக்கை மிதித்தேன்.