லுக் என் கையை விட்ட வியாழக்கிழமை

எல்லாரும் ஆண்டவருக்கு நன்றி சொல்லித்தான் சாட்சியைத் தொடங்குகிறார்கள். நான் நன்றியில்தான் முடிப்பேன். ஆனால் கோபத்தில்தான் தொடங்க வேண்டியிருக்கிறது. நடந்தது அப்படி.

2003ஆம் ஆண்டு மாசி மாதம், ஒரு சனிக்கிழமை காலை. மொன்றியலுக்கு அடுத்த ஊரான லவாலில், என் வீட்டு வாசலில் பனி அள்ளிக்கொண்டிருந்தேன். ஒரு கார் மெதுவாக வந்து நின்றது. சுட்டவன் இறங்கக்கூட இல்லை. மூன்று வெடி. ஒன்று வயிற்றில், இரண்டு இடுப்பில். விழுந்து கிடந்தபோது யன்னலில் என் ஏழு வயது மகள் ஆன் நின்றதைக் கண்டேன். நோவைவிட அதுதான் எனக்கு முதலில் தெரிந்தது. பிள்ளை பார்த்துவிட்டாள்.

நான் பொலிஸில் போதைப்பொருள் பிரிவில் இருந்தவன். பன்னிரண்டு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து மொன்றியலுக்கு வந்தேன். நாங்கள் குடியிருந்த கட்டடத்தின் மாடிப்படியிலேயே தூள் விற்றார்கள். எங்கள் வயதுப் பிள்ளைகள் அங்கேயே சுருண்டு கிடந்தார்கள். அதைப் பார்த்துத்தான் பொலிஸில் சேர்ந்தேன். கடைசியாக எனக்குத் தந்த வேலை, ஒரு தெபனரில் முதலாளியாக நடிப்பது. பால், பியர், சிகரெட் விற்கிற மூலைக்கடை. கல்லாவுக்குப் பின்னால் நிற்கிற தமிழனை யார் பொலிஸ் என்று நினைப்பார்கள்? துறைமுகத்தில் இறங்கிய கொக்கெயினைக் கடத்தல்காரர்கள் என் கடையின் நிலவறையில் அடுக்கினார்கள். எட்டு மாதம் சிரித்துக்கொண்டு நின்றேன். பிறகு ஒரே நாளில் எல்லாரையும் பிடித்தோம். தப்பிய கும்பல் தலைவர்கள் என்னைத் தேடினார்கள். அதனால்தான் நாங்கள் லவாலுக்கு மாறினோம். புது விலாசம் எங்கள் பிரிவில் நான்கு பேருக்கு மட்டுமே தெரியும்.

அந்த நான்கு பேரில் ஒருவன் என்னை விற்றிருந்தான்.

நான்கு சத்திரசிகிச்சை நடந்தது. உயிர் தப்பியது. இடது கால் என் சொல்லைக் கேட்கவில்லை. உணர்வு திரும்பலாம், திரும்பாமலும் விடலாம் என்றார் வைத்தியர். விசாரணை நடத்தியவர்கள் ஆதாரம் இல்லை என்று கோப்பை ஓரமாக வைத்தார்கள். பார்க்க வந்த நம் ஆட்கள் இன்னும் மோசம். "உந்தப் பொலிஸ் வேலை எங்கட ஆக்களுக்குத் தேவையோ?" என்று என் கட்டிலருகே நின்றே ஒருவர் கேட்டார். ஆண்டவர் ஏதோ நன்மைக்குத்தான் செய்திருப்பார் என்று ஆறுதல் சொன்னார் இன்னொருவர். என் குடலில் ஓட்டை போட்டது ஆண்டவரா? தண்ணீர்க் கோப்பையை எடுத்து அவர் மேல் எறிந்தேன். அவர் இப்போது இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார். மன்னிப்புக் கேட்டுவிட்டேன். ஆனால் அந்த வார்த்தையை இனி எந்த நோயாளியிடமும் சொல்லாதீர்கள்.

நம் பங்குச் சாமியார் வந்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர், மன்னார்க்காரர். செபிப்போமா என்று கேட்டார்.

"ஃபாதர், எனக்குச் செபம் வராது. தூசணம்தான் வருகுது."

"அதையே சொல்லுங்கோ அண்ணை. அவர் கேட்டுப் பழகினவர்."

அவர் போனபின் அதையே செய்தேன். இங்கே சொல்ல முடியாத வார்த்தைகளால் ஆண்டவரைத் திட்டினேன். முடிவில் ஒன்றே ஒன்று கேட்டேன். என்னை விற்றவன் யார் என்று காட்டும். அதற்குப் பிறகு உம்மிடம் எதுவும் கேட்கமாட்டேன்.

அந்தக் கோடைகாலத்தில் என்னைப் புனர்வாழ்வு நிலையம் ஒன்றுக்கு மாற்றினார்கள். இரண்டு சமாந்தரக் கம்பிகளுக்கு நடுவே நின்று பழக வேண்டும். நிற்கவில்லை, தொங்கினேன். ஒவ்வொரு வியாழக்கிழமையும் லுக் கோப்பி வாங்கிக்கொண்டு வருவான். லுக் பொலிஸில் என் கூட்டாளி. எட்டு வருடம் ஒரே வாகனத்தில் அருகருகே இருந்தவன். என் மனைவி ரெஜினா வைக்கிற இறால் கறியை, கண்ணால் நீர் வடிய வடிய, இன்னும் போடு என்று கேட்டுச் சாப்பிடுகிறவன். ஆனுக்கு ஞானத்தந்தை அவன்தான். பயிற்சி நேரத்தில் என் அக்குளுக்குள் கைகொடுத்துத் தாங்குவதும் அவன்தான்.

ஒரு புதன்கிழமை அவனுடைய மனைவி மனோன் தனியாக வந்தாள். மேலங்கியைக் கூடக் கழற்றவில்லை. பிள்ளைகளை அன்று காலை தன் தாய் வீட்டில் விட்டுவிட்டதாகச் சொன்னாள். பிறகு பிரெஞ்சில், மனப்பாடம் செய்து வந்ததைப்போல, நிறுத்தாமல் சொல்லி முடித்தாள். லுக் இரண்டு வருடமாகத் தூள் எடுக்கிறான். நாங்கள் கைப்பற்றிய தூளிலிருந்தே எடுத்திருக்கிறான். அது அந்தக் கடத்தல்காரர்களுக்குத் தெரியவந்தது. விலாசத்தைச் சொல், இல்லாவிட்டால் உன்னைக் காட்டிக்கொடுப்போம் என்று மிரட்டினார்கள். அவன் சொல்லிவிட்டான். குடிபோதையில் அவளிடம் அழுது ஒப்புக்கொண்டிருக்கிறான்.

"வெள்ளிக்கிழமை விசாரணையாளர்களிடம் போகிறேன்," என்றாள். "அதற்கு முன் உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்."

கேட்ட செபத்துக்குப் பதில் வந்துவிட்டது. நான் நன்றி சொல்லவில்லை. அவள் போனதும் ரெஜினா அப்பிள் வெட்ட வைத்திருந்த சிறு கத்தியை எடுத்து என் காற்சட்டைப் பையில் போட்டேன்.

மறுநாள், வியாழன். பிற்பகல் இரண்டு மணியளவில் லுக் வந்தான். கோப்பியை யன்னலோரம் வைத்தான். வழமைபோல் என்னைத் தூக்கிக் கம்பிகளுக்கு நடுவே நிறுத்தினான். பயிற்சி தருகிற பெண் தொலைபேசி எடுக்க வெளியே போனாள். என் வலது கையை மெல்லக் கம்பியிலிருந்து எடுத்துப் பைக்குள் விட்டேன். ஆண்டவரே, இப்போது என்னைத் தடுக்காதேயும் என்று செபித்தேன். பொய் சொல்லவில்லை. அதுதான் என் செபம்.

"என் வீட்டு இலக்கத்தை அவர்களுக்குக் கொடுத்தது நீயா?" என்று கேட்டேன்.

அவன் என் அக்குளிலிருந்து கையை எடுத்தான். ஓரடி பின்னால் போனான். அது போதும் எனக்கு. இடது கையையும் கம்பியிலிருந்து எடுத்துவிட்டு அவன் பக்கம் திரும்பினேன்.

நான் விழவில்லை.

ஐந்து மாதம் யாராவது பிடித்தால் மட்டும் நின்றவன். இப்போது யாரும் பிடிக்கவில்லை. நானும் எதையும் பிடிக்கவில்லை. இடது உள்ளங்காலில் தரை குளிர்ந்தது. பல மாதங்களாக அந்தக் காலில் குளிரே தெரியாது. அவன் எட்டும் தூரத்தில்தான் நின்றான். ஓரடி வைத்தால் குத்தலாம். ஆனால் அந்த அடியை வைத்தால் விழுவேன் என்று எனக்குத் தெரியும். குத்துவதா, நிற்பதா? என் கை வெறுங்கையாக வெளியே வந்து கம்பியைப் பிடித்தது. எப்படி என்று கேட்காதீர்கள். அந்த முடிவை நான் எடுத்ததாக எனக்கு நினைவில்லை. லுக் அழுதுகொண்டு வெளியேறினான். திரும்பி வந்த பெண் நான் நிற்பதைக் கண்டு கைதட்டினாள். நான் ஆத்திரத்தில் அழுதுகொண்டிருந்தேன். அவள் அதை ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்தாள்.

மாலையில் ரெஜினா வந்தாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், கத்தியைப் பற்றியும். அவள் வேலை செய்கிற கார்தெரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், இரண்டு மணிக்குக் குழந்தைகளைத் தூங்கவைப்பார்கள். தினமும் அந்த நேரத்தில், இருட்டாக்கிய அறையில் இருந்து, என் காலுக்காகச் செபமாலை சொல்லி வந்திருக்கிறாள். அன்றும் சொல்லியிருக்கிறாள். எனக்கு அது அன்றுதான் தெரியும். அவள் கேட்டது என் காலை. நான் கேட்டது அவன் உயிரை. ஆண்டவர் அவள் கேட்டதைக் கொடுத்தார்.

ரெஜினா என் பையிலிருந்து கத்தியை எடுத்தாள். கழுவித் துடைத்துத் தன் கைப்பைக்குள் வைத்தாள்.

"இனி அப்பிளை வீட்டிலையே வெட்டிக்கொண்டு வாறன்," என்றாள்.

மனோன் சொன்னபடியே விசாரணையாளர்களிடம் போனாள். 2005இல் வழக்கு வந்தது. நீதிபதி எனக்குக் கதிரை தரச் சொன்னார். வேண்டாம் என்றேன். ஒரு கைத்தடியோடு, காலை முழுவதும் நின்றே சாட்சி சொன்னேன். லுக் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு ஆறு வருடம் கிடைத்தது. சுட்டவன் இன்றுவரை பிடிபடவில்லை. சுடச் சொன்னவர்கள் எங்கேயோ நன்றாகச் சாப்பிட்டுத் தூங்குகிறார்கள். அதை நினைத்தால் இப்போதும் என் பல் நெரிபடும். இதை மறைத்து உங்களுக்கு நான் சாட்சி சொல்லமாட்டேன்.

பொலிஸ் வேலையை விட்டுவிட்டேன். சனிக்கிழமைகளில் நம் கோயில் நிலவறை மண்டபத்தில், போதையில் விழுந்த பிள்ளைகளின் தாய் தகப்பனோடு இருக்கிறேன். பெயர் கெட்டுவிடும் என்று பின்கதவால் வருகிறார்கள். முன்கதவால் வாருங்கள் என்று சத்தம் போடுகிறேன். உங்கள் பிள்ளை சாகக் கிடக்கிறான், ஊர் என்ன சொல்லும் என்று பார்க்கிறீர்களா? சில பிள்ளைகள் மீண்டிருக்கிறார்கள். சிலரை அடக்கம் செய்திருக்கிறோம்.

நன்றி சொல்கிறேன். நிற்கிற இரண்டு காலுக்காக, வெறுங்கையாக வெளியே வந்த என் வலது கைக்காக நன்றி. தன் குடும்பம் உடையும் என்று தெரிந்தும் வந்து உண்மை சொன்ன மனோனுக்காக நன்றி. அவளை அனுப்பியவர் ஆண்டவர்தான் என்று இன்று நம்புகிறேன்.

இரவுச் செபத்தில் ரெஜினா லுக்கின் பெயரையும் சொல்கிறாள். என் இடுப்பு முழந்தாளிட விடாது. அவள் பக்கத்தில் நிற்பேன். அவன் பெயர் வரும்போது எனக்கு ஆமென் வருவதில்லை. ஆனால் அறையை விட்டுப் போவதுமில்லை. முன்பெல்லாம் போய்விடுவேன்.

உங்களில் யாருக்காவது நெஞ்சு எரிந்துகொண்டிருந்தால், ஆத்திரம் அடங்கின பிறகு கோயிலுக்கு வருவோம் என்று இருந்துவிடாதீர்கள். நானும் அப்படி இருந்திருந்தால் இன்றைக்கும் வந்திருக்கமாட்டேன். ஆத்திரத்தோடேயே வாருங்கள். வாயில் வருவதை அவரிடம் சொல்லுங்கள். அவர் தாங்குவார்.