வாப்பாவின் பகல் நித்திரை

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது வாப்பாவின் நித்திரைக்கு நான் பொறுப்பேற்றுக்கொண்டேன். யாரும் என்னைக் கேட்கவில்லை, நானாகத்தான் ஏற்றுக்கொண்டேன். வாப்பா கல்முனையிலிருந்து கொழும்புக்கு இரவு பஸ் ஓட்டினார். ஓர் இரவு போவார், மறு இரவு திரும்புவார், விடிந்ததும் வந்து படுப்பார், அன்று பின்னேரமே மறுபடி கிளம்புவார்.

ஒருநாள் காலையில் அவர் உம்மாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னது என் காதில் விழுந்தது.

"மகா ஓயாவால வரக்குள்ள கண் அசந்திட்டு. முழிச்சிப் பாத்தா பஸ் றோட்டு ஓரத்துல நிக்கிது."

 நான் அப்போதே முடிவு கட்டிவிட்டேன், இனி வாப்பா பகலில் ஒழுங்காக உறங்குவார்.

பாடசாலை விடுமுறைக் காலம் அது. உம்மா தையல் வகுப்பு எடுக்கப் போய்விட்டால் வீடு என் ஆட்சியில். தம்பி வீட்டுக்குள் வாய் திறக்கக் கூடாது. மீன்காரரைச் சந்தியிலேயே மறித்து ஹோர்ன் அடிக்க வேண்டாம் என்றேன். ஓட்டோவில் பாட்டுப் போட்டுப் பாண் விற்கிறவர் எங்கள் வேலி வந்ததும் பாட்டை நிறுத்த வேண்டும் என்று உத்தரவு போட்டேன், மனிதர் சிரித்துக்கொண்டே கீழ்ப்படிந்தார். பக்கத்து வீட்டுச் சேவலிடம் மட்டும் என் அதிகாரம் செல்லவில்லை.

இப்படியே ஒன்றிரண்டு கிழமை போயிற்று. ஒருநாள் முற்பகலில் பள்ளிவாசல் ஒலிபெருக்கி மௌத்துச் செய்தி சொன்னது. இறந்துபோனவர் வாப்பாவோடு சின்னதில் கடலில் குளித்து வளர்ந்த கூட்டாளி, பல மாதம் நோயில் கிடந்தவர். ஜனாஸா மதியம் லுஹர் தொழுகையோடு அடக்கம் என்றார்கள். எங்கள் ஊரில் மையித்தை வைத்துக்கொண்டு காத்திருக்கும் வழக்கம் இல்லை. பிந்தினால் முகம் பார்க்கக் கிடைக்காது. அது எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியின் வேகத்தைக் கூட்டிவிட்டேன். வாப்பா சுவர்ப்பக்கம் திரும்பி அசையாமல் கிடந்தார். நல்லகாலம், கேட்கவில்லை என்று நினைத்தேன்.

சற்று நேரத்தில் வாப்பாவின் தம்பி, எங்கள் சாச்சா, தொப்பியோடு வந்து நின்றார்.

"வாப்பாவ எழுப்பு மகள்."

நான் அறைக் கதவுக்குக் குறுக்கே கையை விரித்தேன். "ஏலா சாச்சா."

"மௌத்தானது ஆரெண்டு தெரியுமா உனக்கு?"

"ஓம், தெரியும். இண்டைக்கு ராவு வாப்பாட பஸ்ஸில அம்பது பேர் போறாங்க. அவங்கட மௌத்துக்கு நீங்க பொறுப்பா?"

 சாச்சா கதவை ஒருமுறை பார்த்துவிட்டுத் தனியாகப் போனார். நான் உம்மா வரும்வரை அங்கேயே குந்தியிருந்தேன்.

மூன்று மணிக்கு வாப்பா எழுந்து வந்தார். கண் சிவந்திருந்தது. நாங்கள் எதுவும் சொல்லுமுன்னே முதலாளிக்கு ஃபோன் எடுத்து, "இண்டைக்கு வேற ஆளப் போடுங்க, என்னால ஏலா" என்றார். முகம் கை கால் கழுவி வுழுச் செய்துகொண்டு, கூட்டாளியை அடக்கிய மையவாடிப் பக்கம் நடந்தார்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இவ்வளவு பாடுபட்டு உறங்க வைத்தால், பஸ்ஸுக்குப் போகமாட்டாராம்! உம்மாவிடம் அழுது முறையிட்டேன். திரும்பி வந்த வாப்பா என் தலையில் கையை வைத்தார்.

"நீ நல்லாத்தான் காவல் காத்தாய் மகள்."

அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன், ஆனாலும் கோபம் ஆறவில்லை.

இன்று நான் ஆஸ்பத்திரியில் இரவுக் கடமை பார்க்கும் தாதி. பகலில் படுக்கிற உடம்பை வெளிச்சம் எழுப்பிக்கொண்டே இருக்கும் என்பதும், நித்திரை கெட்டவரின் மூளை கண் திறந்தபடியே சில நொடிகள் உறங்கிவிடும், அவருக்கே அது தெரியாது என்பதும் படித்துத் தெரிந்துகொண்டவை. துக்கம் உள்ளவருக்குக் கதவைச் சாத்தினால் நித்திரை வந்துவிடாது என்பதைப் படிக்க வேண்டியிருக்கவில்லை. வாப்பா அன்று உறங்கவேயில்லை. ஒலிபெருக்கியையும் கேட்டிருக்கிறார், நான் சாச்சாவிடம் சொன்னதையும் கேட்டிருக்கிறார். அந்த ஐம்பது பேருக்காக ஜனாஸாவை விட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு நித்திரைக்காகக் காத்துக் கிடந்திருக்கிறார். அது வராமல் போனதால் பஸ்ஸையும் விட்டார். கூட்டாளியை இழந்த மனிதர் கொஞ்சம் வாய்விட்டு அழவும் வழியில்லாமல், கதவுக்கு வெளியே நான் காவல் இருந்திருக்கிறேன்.