ரஹ்பர் அக்காவின் வலது தோள்

மர்கிலான் ஊரில் எங்கள் தெருவில் ரஹ்பர் அக்கா எதையாவது நம்பினாள் என்றால் அது அவளுடைய தந்தூர் அடுப்பை மட்டும்தான். பால்காரி தண்ணீர் கலக்கிறாள், மாவுக்கடைக்காரன் பழைய மாவைப் புதுச் சாக்கில் கட்டுகிறான், அடுத்த வீட்டுக்காரியான நான் வேவு பார்க்க வருகிறேன் என்பாள். இப்படியொரு வாய் வேறு யாருக்காவது இருந்திருந்தால் தெருவே ஒதுக்கி வைத்திருக்கும். ஆனால் கல்யாண வீடுகளுக்கு அக்காவின் ரொட்டிதான் வேண்டும். நீளக் கையுறையோடு தந்தூருக்குள் இடுப்புவரை குனிந்து, தகிக்கிற சுவரில் மாவை அறைவாள்.

ஐம்பத்திரண்டு வயதில், குளிர்காலத்தில், முற்றத்துப் பனியில் வழுக்கி விழுந்து வலது தோளெலும்பை முறித்துக்கொண்டாள். நானும் அவள் மருமகள் முஹய்யோவும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். டாக்டர் சொபிர் எக்ஸ்ரேயை நிதானமாகப் பார்த்தார்.

"ஆபரேஷன் வேண்டாம்மா. எலும்பு அதிகமா நகரல. கையைக் கழுத்துல கட்டின துணித் தூளியில போட்டா தானா கூடிடும். அப்புறம் நான் சொல்றப்போ கையை ஆட்ட ஆரம்பிக்கணும். அதுதான் முக்கியம்."

"அறுத்து உள்ள இரும்பு பிளேட் வச்சா நல்லதில்லையா?" என்றாள் அக்கா.

"உங்க முறிவுக்கு ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணுதான். வீணா எதுக்குக் கத்தி?"

வெளியே வந்ததும் அக்கா பொரிந்தாள். "பெரிய இடத்து ஆளுங்களுக்குன்னு பிளேட்டை ஒளிச்சு வச்சிருக்கான்!"

சரியென்று பக்கத்து நகரமான ஃபெர்கானாவில் ஒரு தனியார் டாக்டரிடம் போனோம். அவர் நாளைக்கே அறுத்துவிடலாம் என்றார்.

"நாளைக்கேவாம்! கத்தியைத் தீட்டிக்கிட்டே உக்காந்திருந்தானா?" என்று எழுந்து வந்துவிட்டாள்.

ஆக, தூளிதான். அடுப்பு முஹய்யோ கைக்குப் போனது. அங்கேதான் சந்தேகம் முழுதாக முளைத்தது. கையை ஆட்டத் தொடங்கலாம் என்று சொபிர் சொன்ன நாளிலிருந்து அந்தப் பெண் விடாமல் கெஞ்சினாள்.

"அத்தை, குனிஞ்சு கையைத் தொங்கவிட்டு மெல்ல ஆட்டுங்க."

அக்கா என் காதில் ஓதினாள். "பாத்தியா? மறுபடி உடையட்டும்னு பாக்கறா. தந்தூர் கிடைச்சிடுச்சில்ல, இனி விடுவாளா?"

தூளிக்கு மேலே சால்வையையும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். டாக்டரிடம் தினமும் ஆட்டுவதாகச் சொல்லிவிட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முஹய்யோவோ முழங்கையெல்லாம் பொசுங்கி, அந்த அடுப்பை எப்போது திருப்பிக் கொடுப்போம் என்று அழுதுகொண்டிருந்தாள்.

வாதுமை பூத்ததும் முதல் கல்யாணம் வந்தது. அக்கா சால்வையை அவிழ்த்தாள், கையுறையை மாட்டினாள், குனிந்தாள். கை நெஞ்சுக்கு மேலே எழவில்லை. மாவு தணலில் விழுந்தது.

சொபிர் புது எக்ஸ்ரேயைப் பார்த்தார். "எலும்பு அழகாக் கூடியிருக்கு. மூட்டுதான் இறுகிப்போச்சு. நீங்க ஆட்டவே இல்லையா?"

"இப்போ பிளேட் வச்சிடுங்களேன்."

"கூடின எலும்புக்கு எதுக்கும்மா பிளேட்? இனி பயிற்சிதான். ரொம்ப நாளாகும், வலிக்கும். பழையபடி முழுசா வருமான்னு சொல்ல முடியாது."

 வீடு திரும்பியதும் அக்கா வாசலில் நின்று மருமகளைப் பார்த்தாள்.

"தினமும் சொன்னியே. அந்தச் சால்வையைப் பிடுங்கி எறிஞ்சிருக்கக் கூடாதா?"

"தொட்டிருந்தா, நான்தான் மறுபடி உடைச்சேன்னு சொல்லியிருப்பீங்க, அத்தை."



"சொல்லியிருப்பேன்" என்றாள் அக்கா.